வீல்செயாரும் 23 கிலோவும்: லண்டனில இருந்து திருகோணமலைக்குத் தனியத் திரும்புற ஆக்களுக்கு

கேள்வி, 2025 ஓகஸ்ட் 11

அம்மாவுக்கு 69 வயது. ஊர் திருகோணமலையில உவர்மலை. மூண்டு மாதம் எங்களோட லண்டனில நிண்டவ, செப்டெம்பர் நடுவில தனியத் திரும்புறா. வரேக்க தம்பி கூட வந்தவன். இடையில ஒருக்காப் பிளேன் மாறோணும். இங்கிலீஷ் விளங்கும், கதைக்க வெக்கப்படுவா. முழங்கால் நோ இருக்கு. வீல்செயார் போடுவம் எண்டாக் கோவம் வருது. போடோணுமா? வேற என்ன பாக்கோணும்? போய் வந்த ஆரும் சொல்லுங்கோ.

ஓகஸ்ட் 11, இரவு

தேவையில்லை. நான் போன மாதம்தான் மகளிட்ட இருந்து திரும்பி வந்தனான். 67 வயது, தனியத்தான். லண்டனில ஏறி, வளைகுடாவில மாறி, கட்டுநாயக்க எயாப்போட்டில இறங்கி, வானில திருகோணமலை. முழுக்க நடந்தன். அம்புக்குறி பாத்து நடந்தாச் சரி, விளங்காட்டிக் கேக்கிறது. பக்கத்து சீற்றில இருந்த பெடியன் வழி முழுக்க ஒரு கதை பேச்சில்லை, காதுக்க வயரைச் செருகிக்கொண்டு இருந்தவன். அதுகும் நல்லதுக்குத்தான், நித்திரை கொள்ளலாம். வயது போனா எல்லாத்துக்கும் ஆள் வேணும் எண்டு நினைக்கக்கூடாது. அம்மாவுக்குத் துணிவு சொல்லி அனுப்புங்கோ பிள்ளை.

ஓகஸ்ட் 12

நிறையைப் பற்றி எழுத மறந்துபோனன். கஷ்டம் துவங்குறதே அதிலதான்.

நான் 34 வருசம் தபாலில இருந்தவன், கடைசியில தபாலதிபராப் பென்சன் எடுத்தனான். ஒரு பொதியைக் கையில தூக்கினாப் போதும், நிறை சொல்லுவன். முத்திரைக் காசு அந்தக் கணக்கில எண்ணி வச்சாப் பிறகுதான் தராசு. பிழைச்சது குறைவு. மகள் சூட்கேசைக் கட்டி முடிச்ச உடன நான் ஒரு கையால தூக்கிப் பாத்திட்டு இருபத்திரண்டரை எண்டன். மகளின்ர தொங்கு தராசு 24.1 எண்டது. தராசு மலிவுச் சாமான், பற்றறி போயிருக்கும் எண்டு சொல்லிப்போட்டன். எயாப்போட்டில 24.3.

பிறகென்ன, கவுண்டருக்கு முன்னால நிலத்தில சூட்கேசைத் திறந்து குந்தினன். சனம் பாக்குது. மேல கிடந்தது மகள் தாயின்ர ஆண்டுத் திவசத்துக்கு எண்டு வாங்கின குத்துவிளக்குத் திரியும் கற்பூரமும். (கற்பூரம் கொண்டு போகக்கூடாது. பத்துற சாமான். அதையும் அங்கதான் சொல்லிச்சினம்.) அதுக்குக் கீழ குவாலிட்டி ஸ்ட்ரீட் தகரப்பேணி, அதுக்குக் கீழ மருமகன் தந்த இரண்டு கம்பளிச் சுவெற்றர், ஒரு கோட். கற்பூரம் அங்கயே நிண்டிட்டுது. சுவெற்றர் இரண்டையும் போட்டு, மேல கோட்டையும் போட்டன். கையை மடக்க ஏலாது. கவுண்டர்ப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு 22.8 எண்டாள். யூலை மாதம். கட்டுநாயக்கவில இறங்கேக்க என்னைப் பாத்த ஆக்கள் பைத்தியம் எண்டுதான் நினைச்சிருப்பினம்.

ரிக்கெற்றில பாருங்கோ, மொத்தக் கிலோக் கணக்கா, பொதிக் கணக்கா எண்டு. பொதிக் கணக்கு எண்டா, 46 கிலோ எண்டாலும் அது 23, 23 ஆகத்தான் இருக்கும். 26, 20 எண்டு கட்டினா 26 க்குக் காசு கேப்பினம்.

ஓகஸ்ட் 12, பின்னேரம்

கனடா ஸ்காபரோவில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், அவர் சொன்னது சரி. காசு கட்டினாலும் தனிப் பொதி 32 கிலோவுக்கு மேல ஏத்தமாட்டினம். அந்தக் கணக்கு பிளேனுக்காக இல்லை, தூக்கிப் போடுற தொழிலாளியின்ர நாரிக்காக. தபால் பை தூக்கின ஆக்களுக்கு அது சொல்லாமலே விளங்கும். மேல "தராசு மலிவுச் சாமான்" எண்டு எழுதினதை நான் வாபஸ் வாங்கிறன். மகள் வாசிச்சிட்டா.

ஓகஸ்ட் 14

அடுத்த கஷ்டம், ஆக்கள் தந்து விடுற சாமான். ஊருக்குப் போறார் எண்டு தெரிஞ்சாப் போதும். "அண்ணை, ஒரு சின்னப் பார்சல், நிலாவெளியில அக்காட்டக் குடுத்துவிடுங்கோ." சுத்தி, செலோடேப் ஒட்டி, மூலையெல்லாம் இறுக்கி, பாத்தாப் பதிவுத் தபால் மாதிரி.

நான் அவருக்கு முன்னாலயே கத்தரிக்கோல் எடுத்து வெட்டினன். முகம் கறுத்துப்போச்சு. அவையின்ர தேத்தண்ணியையும் குடிச்சுக்கொண்டு அவையின்ர பார்சலை வெட்டுறது மரியாதையில்லைத்தான். ஆனா கவுண்டரில "உங்கட பொதியை நீங்கதான் கட்டினனீங்களா" எண்டு கேக்கேக்க ஓம் எண்டு சொல்லுறது என்ர வாய்தானே. வெட்டிப் பாத்தா விற்றமின் போத்தில், செண்ட், ஒரு பழைய போன், ஒரு பவர்பேங்க். பவர்பேங்க் சூட்கேசுக்க போகவே கூடாது, கைப்பையிலதான். லித்தியம் பற்றறி கீழ சாமான் அறையில பத்தினா அணைக்க ஆளில்லை, மேல ஆள் இருக்கு. 100 வோட்-மணித்தியாலம் வரைக்கும் கேள்வியில்லை. 20,000 mAh எண்டு எழுதியிருக்கிறது கிட்டத்தட்ட 74 தான் வரும், பயப்பிடத் தேவையில்லை.

அவருக்கு விளங்கப்படுத்தினன். போகேக்க "நீங்க இன்னும் தபால் கந்தோரிலதான் இருக்கிறியள்" எண்டார். புகழ்ச்சியா எண்டு தெரியேல்ல.

ஓகஸ்ட் 15

ஒரு தங்கச்சி மூதூரில இருந்து கேட்டிருக்கிறா, சோதனை இடத்தில என்ன செய்வினம் எண்டு. நீளமாகப் போகுது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட வயது ஆக்களுக்குச் சோதனை எண்டா வேற கதை. வேலைக்குப் போற வழியில எத்தினை தரம் சைக்கிளால இறங்கி, பையைத் திறந்து, கையைத் தூக்கி நிண்டிருப்பம். அடையாள அட்டை சேட்டுப் பையிலதான் இருக்கோணும், பின் பையில வச்சா எடுக்கக் கையைப் பின்னால கொண்டு போகவேணும், அது பிழையா விளங்கப்படும். உதெல்லாம் முடிஞ்சு எத்தினை வருசம். ஆனா லண்டனில அந்தத் தட்டு வரிசைக்குக் கிட்டப் போன உடன என்ர கை தானாச் சேட்டுப் பைக்குப் போகுது. ஒருத்தரும் கேக்கேல்ல, நான் பெல்ற், மணிக்கூடு, செருப்பு, கண்ணாடி, பேனை எல்லாத்தையும் கழட்டிப்போட்டன். கையைத் தூக்கிக்கொண்டு நிண்டன். முன்னால நிண்ட வெள்ளைக்காரன் திரும்பிப் பாத்தான்.

அந்த நேரம் பாத்து என்ர பை மற்றப் பக்கத்துக்குத் தள்ளுப்படுது. சோதிக்கப் போகினம். அந்த அதிகாரிப் பிள்ளை பையைத் திறந்து, துவாயை எடுத்து, அதுக்குக் கீழ இருந்து ஒரு துவக்கை எடுத்தாள்.

செம்மஞ்சள் பிளாஸ்ரிக். தண்ணித் துவக்கு. பேரன், நாலு வயது, "அம்மப்பா தனியப் போறார், காவலுக்கு" எண்டு வச்சுவிட்டவனாம். துவக்கு மாதிரி இருக்கிற விளையாட்டுச் சாமானும் கைப்பையில கூடாது. எனக்கு வாய் வரேல்ல. கை நடுங்கிச்சு, மறைக்கப் பாத்தன், ஏலேல்ல. அவள் துவக்கைப் பாத்தாள், என்னைப் பாத்தாள், பேரனா எண்டு கேட்டாள். தலையாட்டினன். அதை எடுத்துப் பக்கத்தில வச்சிட்டு, என்ர பெல்ற்றைச் சுருட்டிக் கையில தந்து, அந்த வாங்கில இருந்து ஆறுதலாப் போட்டுக்கொள்ளுங்கோ, அவசரமில்லை எண்டாள். அவளுக்கு என்ன தெரியும், ஏன் நடுங்கிச்சு எண்டு. கேக்கவும் இல்லை. ஒரு பத்து நிமிசம் அந்த வாங்கில இருந்தன்.

வீட்டை வந்து வீடியோக் கோலில பேரன் கேட்ட முதல் கேள்வி: "அம்மப்பா, பிளேனில தண்ணி அடிச்சனீங்களா?" மருமகன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். மகள் மட்டும் மறுமொழிக்காகப் பாத்துக்கொண்டு நிக்கிறா.

ஓகஸ்ட் 15

தங்கச்சி, உங்கட கேள்விக்கு மறுமொழி சொல்லாமலே விட்டிட்டன். தண்ணி, எண்ணெய், சம்போ, ஊறுகாய் எல்லாம் கைப்பையில 100 மில்லிலீற்றருக்கு உள்பட்ட போத்திலில இருந்தாச் சரி. 2006 இல லண்டனில பிடிபட்ட பிளேன் குண்டுச் சதிக்குப் பிறகு வந்த சட்டம். இப்ப சில எயாப்போட்டுகளில புது மெசின் பூட்டித் தளத்திப்போட்டினம். ஆனா மாறுற இடத்தில திருப்பிச் சோதிச்சா அங்கத்தைச் சட்டம். 100 ஐயே நம்புங்கோ.

ஓகஸ்ட் 17

முதல் நாள் எழுதினதில ஒரு பொய் இருக்கு. மகள் இதை வாசிச்சிட்டு எடுத்து, "அப்பா, முழுக்க நடந்தனீங்களா?" எண்டு கேட்டா. அவவுக்கும் ஓம் எண்டுதான் சொன்னன். இரவு நித்திரை வரேல்ல. கேள்வி கேட்ட பிள்ளையின்ர தாய் என்ர கதையை நம்பி நடந்து விழுந்தா ஆர் பொறுப்பு.

நடந்தது இதுதான். மாறுற எயாப்போட்டில எனக்கு ஒண்டரை மணித்தியாலம் இருந்தது. பிந்தி இறங்கினதால ஐம்பது நிமிசமாப் போச்சு. கேற்றையும் மாத்திப்போட்டினம். நடக்கிறன், நடக்கிறன், சிவன் கோயிலடியில இருந்து கோணேசர் கோயில் படி வரைக்கும் நடந்த தூரம் இருக்கும், முடிஞ்சபாடில்லை. இரண்டு சுவெற்றர், கோட். நெஞ்சுக்க ஒரு இறுக்கம். ஒரு தூணடியில நிலத்தில இருந்திட்டன்.

வெறும் வீல்செயார் ஒண்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெடியன் வந்தான். பேந்து கேட்டன், நேபாளம். என்னைப் பாத்து நிண்டான். "அங்கிள், எந்தக் கேற்?" சொன்னன். இருங்கோ எண்டான். நான் வேண்டாம், நான் புக் பண்ணேல்ல, எனக்கு ஏலும் எண்டன். அவன் வற்புறுத்தேல்ல. கதிரையை ஒருக்கா முன்னால தள்ளிக் காட்டினான். "இதின்ர ஒரு சில்லுச் சரியில்லை அங்கிள். வெறுமனே தள்ளினா ஒரு பக்கம் இழுக்குது. ஆர் எண்டாலும் இருந்தா நேராப் போகும். நான் அந்தப் பக்கம்தான் போறன். எனக்கு ஒரு உதவி."

சில்லில ஒரு பிழையுமில்லை. இருந்த உடனயே தெரிஞ்சுபோச்சு. நான் சைக்கிள் சில்லுப் பாத்து வளந்தவன். ஆனா அவன் எனக்குச் சொன்ன மாதிரி ஒரு பொய்யை நான் ஒருத்தருக்கும் சொல்லித் தெரியாது. கேற்றில இறக்கிவிட்டு நன்றி எண்டும் சொன்னான், நான் அவனுக்குச் செய்த உதவிக்கு. காசு நீட்டினன், கையைப் பின்னால கட்டிக்கொண்டான். குவாலிட்டி ஸ்ட்ரீட்டில கொஞ்சம் கோட்டுப் பையில கிடந்தது. அதில மூண்டு எடுத்தான்.

ஆனபடியா, பிள்ளை, வீல்செயார் போடுங்கோ.

ஓகஸ்ட் 17

விபரம்: வீல்செயாருக்குக் காசில்லை. ஐரோப்பியச் சட்டப்படி (பிரிட்டனும் அதைத்தான் வச்சிருக்கு) 48 மணித்தியாலத்துக்கு முதல் விமானக் கொம்பனிக்குச் சொல்லோணும். சொல்லாட்டிலும் முடிஞ்சதைச் செய்வினம், ஆனா நிக்கவேண்டி வரும். மூண்டு வகை இருக்கு. படி ஏறுவன், தூரம் நடக்க ஏலாது எண்டா ஒண்டு. படியும் ஏலாது எண்டா மற்றது. சீற் வரைக்கும் தூக்கிவிடோணும் எண்டா மூண்டாவது. அம்மாவுக்கு முதலாவது காணும். "நான் நோயாளி இல்லை" எண்டுவா. தூரத்துக்குத்தான் கதிரை, நோய்க்கு இல்லை எண்டு சொல்லுங்கோ. என்ர மகள் எனக்கு அப்பிடிச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனோ எண்டா, கேட்டிருக்கமாட்டன்.

ஓகஸ்ட் 19

ஒரு பொய்யை எடுத்த கையோட மற்றதையும் எடுக்கிறன். பக்கத்து சீற்றுப் பெடியன் ஒரு கதை பேச்சில்லை எண்டு எழுதினனான். அது முதல் அரைவாசிக்குச் சரி.

மகள் எனக்குச் சைவச் சாப்பாடு எண்டு நினைச்சு "இந்துச் சாப்பாடு" எண்டு இருந்ததை அமத்திவிட்டவ. வந்தது கோழி. பிளேனில இந்துச் சாப்பாடு எண்டா மாட்டிறைச்சி இருக்காது எண்டது மட்டும்தான், சைவம் எண்டு அர்த்தமில்லை. சைவத்துக்கு "ஏசியன் வெஜிற்றேரியன்", சுருக்கம் ஏ.வி.எம்.எல். முதலே சொல்லியிருக்கோணும். நான் தட்டை மூடி வச்சிட்டு யன்னலைப் பாத்துக்கொண்டிருந்தன். பெடியன் ஒண்டும் கேக்கேல்ல. காதில இருந்த வயரைக் கழட்டாமலே தன்ர பணிசு, பழம், புடிங், தயிர் எல்லாத்தையும் என்ர தட்டுக்கு நகத்தினான், என்ர கோழியைத் தான் எடுத்தான். பிறகு எழும்பிப் போய் எனக்கு இன்னொரு பணிசும் வாங்கிவந்தான். குருநாகல் பக்கம் ஊர். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கந்தோர்ச் சிங்களம். இரண்டு பேரும் அதில கொஞ்சம் கதைச்சம், பிளேன் இறங்கும் வரைக்கும்.

கால் வீக்கம் பற்றிக் கேட்ட அண்ணைக்கு: உள்ளுக்க காத்தழுத்தம் 6,000 இல இருந்து 8,000 அடி உயரத்தில இருக்கிற மாதிரித்தான் வைப்பினம். நுவரெலியா 6,100 அடிச் சொச்சம். அப்ப விளங்குதுதானே, நீங்க நுவரெலியாவுக்கு மேல எங்கயோ ஒரு மலையில ஏழு மணித்தியாலம் கதிரையில இருக்கிறியள். காத்தும் காய்ஞ்ச காத்து. தண்ணி குடியுங்கோ, கால் வீங்காமல் இருக்க எழும்பி நடவுங்கோ. இதயம், சுவாசம் பிரச்சினை உள்ள ஆக்கள் டொக்ரரைக் கேட்டிட்டு ஏறுங்கோ.

ஓகஸ்ட் 22

திருகோணமலைச் சீனன்குடாவில ஓடுபாதை இருக்கே, ஏன் அங்கயே இறங்க ஏலாது எண்டு ஒரு தம்பி. அது விமானப்படைத் தளம் தம்பி, உள்ளூர்ச் சின்னப் பிளேன்தான் இறங்கும். எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. பதினொரு மணித்தியாலத்துக்கு மேல பறந்து வந்து, ஆறு மணித்தியாலம் வானில. கொழும்புக்குள்ள போகாதேங்கோ, தேவையில்லை. மினுவாங்கொடை, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். இரவு எண்டா ஹபரணைக்கு இங்கால யானை பாத்து ஓடச் சொல்லுங்கோ.

சீனன்குடா எண்ட உடன அப்பாவின்ர ஞாபகம். 1942 ஏப்ரல் 9 காலம்பிற யப்பான்காரன் துறைமுகத்துக்கும் சீனன்குடாவுக்கும் குண்டு போட்டவன். அப்பாவுக்கு அப்ப பன்னிரண்டு வயது. வாழ்க்கையில முதல் கண்ட பிளேன் அது. எண்ணெய்க் குதம் எரிஞ்ச புகையைச் சாகும்வரைக்கும் சொல்லுவார். பிளேன் எண்டா அவருக்கு ஓடி ஒளியிற சாமான், ஏறிப் போற சாமான் இல்லை. கடைசிவரைக்கும் ஏறேல்ல. சரி, இது தலைப்புக்கு வெளிய போகுது.

ஓகஸ்ட் 24

சூட்கேஸ் வரேல்ல எண்டதை இன்னும் எழுதேல்ல.

கட்டுநாயக்கவில பெல்ற் சுத்துது. எல்லாம் கறுப்புச் சூட்கேஸ். என்ரதில நான் சணல் கயிறு கட்டி, தபால் முடிச்சுப் போட்டிருந்தன், தூரத்திலயே தெரியும். கடைசிச் சூட்கேசும் போய் பெல்ற்றும் நிண்டுது. மாறின இடத்திலயே தங்கிட்டுது. ஐம்பது நிமிசத்தில நானே கதிரையிலதான் வந்தனான், சூட்கேசை ஆர் தள்ளுறது.

வெளிய போயிடாதேங்கோ. உள்ளுக்கயே கவுண்டர் இருக்கு. அங்க படிவம் நிரப்பி, இலக்கம் உள்ள பிரதி வாங்கோணும். சூட்கேசில ஒட்டின துண்டின்ர மற்றப் பாதி போர்டிங் பாசில இருக்கும், எறியக்கூடாது. உள்ளுக்க என்ன கிடந்தது எண்டு கேட்டா அந்தப் பிள்ளை. என்ர மண்டை வெறுமை. "சாரம்" எண்டன். "பிறகு?" "இன்னொரு சாரம்." எத்தினை ஆக்களை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிண்டு இதே கேள்வி கேட்டு, தெரியாது எண்டு சொன்னாக் கோவிச்சிருக்கிறன். அவள் கோவிக்கேல்ல. கட்டேக்க போனில ஒரு படம் எடுத்து வைக்கலாம் அங்கிள் எண்டாள். எடுத்து வையுங்கோ.

மூண்டாம் நாள் இரவு பத்தரைக்கு ஒரு ட்றைவர் எடுத்தார். ஹபரணை தாண்டிட்டன், றோட்டில யானை நிக்குது, பிந்தும், படுத்திடாதேங்கோ எண்டார். ஒரு மணிக்கு வந்தார். கேற்றடியில வச்சிட்டுப் போகலாம், அவற்ர வேலை அவ்வளவுதான். ஒரு சில்லு உடைஞ்சிருந்ததால உள்ளுக்குக் கொண்டுவந்து கட்டிலடியில வச்சார். பகல் மிஞ்சின புட்டும் மீன் குழம்பும் இருந்தது. வேண்டாம் வேண்டாம் எண்டவர், இருந்து சாப்பிட்டார். அவருக்குத் திரும்பவும் அவ்வளவு தூரம் ஓடோணும்.

ஓகஸ்ட் 25

ஒண்டு விட்டிட்டன். ஒரு அண்ணை தனியா எழுதிக் காட்டினார். சூட்கேஸ் உடைஞ்சா 7 நாளுக்குள்ள எழுத்தில முறையிடோணும். பிந்தி வந்ததுக்கு, கையில கிடைச்ச நாளில இருந்து 21 நாள். மொன்றியல் உடன்படிக்கை அப்பிடித்தான் சொல்லுது. நட்டஈட்டுக்கு உச்சம் 2024 டிசம்பர் 28 இல இருந்து 1,519 எஸ்.டி.ஆர், அது சர்வதேச நாணய நிதியத்தின்ர கணக்கு நாணயம். நான் சில்லுக்கு எழுதேல்ல, ஏழு நாள் போச்சு. மற்றவையின்ர முறைப்பாட்டுக்கு 34 வருசம் திகதி முத்திரை குத்தின ஆள்.

செப்டெம்பர் 3

கொப்பறா அனுப்பலாமா எண்டு கேட்டவருக்கு: கூடாது. தானாச் சூடாகிப் பத்துற சாமான் எண்டு பட்டியலில இருக்கு. லண்டனில இருந்து திருகோணமலைக்கு ஏன் கொப்பறா எண்டுதான் எனக்கு விளங்கேல்ல.

செப்டெம்பர் 18

கேள்வி கேட்ட பிள்ளையின்ர அம்மா வந்து சேந்திட்டா. பிள்ளை எழுதினா, என்னைப் போய்ப் பாக்கச் சொல்லி. உவர்மலை எனக்குக் கிட்டத்தான், பின்னேரம் கச்சான் காத்து அடங்கினாப் பிறகு நடந்து போனன். சூட்கேஸ் கையோட வந்ததாம். சாப்பாடு சைவம்தானாம். 22.9 கிலோவாம், அதைச் சொல்லேக்க என்னை ஒரு மாதிரிப் பாத்தா.

வீல்செயார் வந்ததோ எண்டு கேட்டன். வந்ததாம், லண்டனிலயும் வந்ததாம், மாறுற இடத்திலயும் வந்ததாம். "நல்ல பிள்ளையள். கைப்பையை அதில இருத்திப்போட்டு நான் பக்கத்தில கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்தன்" எண்டா. தள்ளின பெடியன் ஒண்டும் சொல்லேல்லையா எண்டு கேட்டன். மெல்ல மெல்லத் தள்ளினவனாம், தன்ர நடைக்கு ஏத்த மாதிரி.